குறிப்பேட்டில் இரண்டு வரி

நெசவாளர் சங்கத்துக்கு வந்த சசிகலா அழவில்லை. அதுதான் தேவிப்ரியாவை அதிகம் சுட்டது.

"எங்க வீட்டுக்காரரு சேலைய எடுக்கலைங்கண்ணா. திருடன்னு பேரு வச்சிட்டாங்க. ஆரணியில ஒரு கடையிலயும் இனிமே நெய்யறதுக்குப் பாவு நூலு தர மாட்டேன்றாங்க. தறிய வச்சிகினு என்னா பண்றது?"

சங்கச் செயலாளர் கமலக்கண்ணன் ஊர் வழக்குகளை நிதானமாகத் துலக்குபவர். துப்பு என்றால் அவருக்கு முன்னால் ஓடுபவள் தேவிப்ரியா. இன்று அவளுக்குக் கால் எழவில்லை. காணாமல்போன கல்யாணச் சேலை அவள் வேலை பார்க்கும் ஹேமசந்திரன் கடையுடையது. சசிகலாவின் கணவர், நெசவாளர் குணாவை மாட்டிவிட்டதும் கடைக் குறிப்பேட்டில் அவள் எழுதிய குறிப்புதான்.

"செவ்வாய். மெரூன் சேலை வேலைக்குப் போனது. குணா மூட்டையுடன் போனார்."

அன்று கடையில் முகூர்த்தக் கூட்டம். அவசரத்தில் கிறுக்கியது இப்போது அவளுக்கே விளங்கவில்லை. முதலாளியோ இரண்டு வரியையும் சேர்த்துப் படித்து, வியாபாரிகளின் வாட்ஸப் குழுவில் போட்டுவிட்டார்.

குணாவின் வீட்டில் கமலக்கண்ணன் தறியருகே குனிந்தார். பழைய பாவின் நுனியோடு புதுப் பாவு இழை இழையாக முடியப்பட்டிருந்தது, நெசவு தொடங்கவில்லை. பாவில் தொங்கிய கடை அட்டையில் செவ்வாய்க்கிழமைத் தேதி. மூட்டையில் இருந்தது இதுதான் என்று குணா தலையில் அடித்துக்கொண்டு சொல்லியும் யாரும் வந்து பார்க்கவில்லை.

"சரி, தறிய விட்டு இறங்குன சேலைக்கு வேற என்னாம்மா வேலை பாக்கி இருக்கும்?" என்றார் கமலக்கண்ணன்.

"குஞ்சம்" என்றாள் தேவிப்ரியா.

இருவரும் தேடிப் போனதும், முந்தானைக்குக் குஞ்சம் கட்டும் உண்ணாமலை பெட்டியிலிருந்து மெரூன் சேலையை எடுத்து வைத்தாள். "என்னா கலருல கட்டறதுன்னு நீங்க எழுதவே இல்லியே. ஆள் அனுப்புவீங்கன்னு பாத்துகினு கீறேன்."

மாலையில் கடையில் குணா, சசிகலா, முதலாளி மூவர் முன்னும் கமலக்கண்ணன் எல்லாவற்றையும் விளக்கினார். முதலாளிக்கு முகம் கறுத்தது. குழுவில் மறுப்புப் போடச் சொன்னார். தேவிப்ரியா எழுதினாள்: "தவறு நடந்துவிட்டது. வருந்துகிறோம்."

கமலக்கண்ணன் எட்டிப் பார்த்தார். "தானா நடந்துச்சாம்மா?"

அவள் அழித்தாள். "குணா எடுத்துப்போனது அவருடைய பாவு. சேலையைக் குஞ்சம் கட்ட அனுப்பியவள் நான். அதைத் தெளிவாக எழுதாதவளும் நான். அவர் திருடவில்லை. தேவிப்ரியா."

குணா அதை இரண்டு முறை படித்தார்.

"செவ்வாக்கெழமையே இப்படி எழுதியிருக்கலாம்மா" என்றார்.

அவள் குனிந்தபடியே அதைக் குழுவுக்கு அனுப்பினாள்.