நனைந்த கோட்டும் காணாமல்போன சார்ஜரும்

காலை ஏழு மணி. வேலைக்குக் கிளம்பி, கோட்டை மாட்டுமுன் வாசலை எட்டிப் பார்த்த ரூத் ஹாகன் திகைத்து நின்றாள். அவளுடைய மின்சாரக் கார் இருந்தது. இரவு அதில் சொருகி வைத்த சார்ஜரைக் காணோம்.

ரூத் வீடு வீடாகப் போய்ப் படுக்கையில் கிடப்பவர்களைக் கவனிக்கும் நர்ஸ். சார்ஜ் பாதிதான் ஏறியிருந்தது.

ஷெரிஃப் அலுவலகத்திலிருந்து விசாரணை அதிகாரி ஆர்லீன் கிவெலா வந்தபோது மணி எட்டு. வடக்கு மினசோட்டாவில் அன்று மூச்சுகூட உறைகிற குளிர். எந்த வழக்குக்கும் வண்டியை விட்டு இறங்குமுன் ஒரு நிமிடம் கண்மூடி ஜெபிப்பது ஆர்லீனின் வழக்கம். ‘ஆண்டவரே, தப்பான ஆள் மேல் என் கை விழாமல் பார்த்துக்கொள்ளும்.’

“இதுல விசாரிக்க என்ன இருக்கு?” சோபாவில் கட்டுப்போட்ட காலை நீட்டியிருந்த ரூத்தின் கணவன் டேல் பொரிந்தான். “கராஜுக்கு மேல குடியிருக்கானே லோனி, ஜெயில்ல இருந்து வந்தவன், அவன்தான். இன்னிக்கே காலி பண்ணட்டும்!”

“இந்தக் குளிர்ல எங்க போவான்?” என்றாள் ரூத்.

“விடியறதுக்குள்ள பனியெல்லாம் அள்ளித் தள்ளிட்டான். ஒரு காலடித் தடம் இல்ல” என்றான் ரூத்தின் தம்பி கர்ட். எலக்ட்ரீஷியன், நேற்று விருந்துக்கு வந்து, பனி வலுத்ததால் தங்கிவிட்டவன். “அப்பவே சொன்னேன்க்கா, கையில எடுத்துட்டுப் போற சார்ஜர் வேணாம், சுவர்ல பதிக்கிறதை வாங்குன்னு. சுவரை எவன் திருடுவான்?”

“போற இடத்துல சொருக எனக்கு வேணும்டா. சுவரைப் பேத்தா எடுத்துட்டுப் போவேன்?”

லோனி வாசலில் மண்வெட்டியோடு நின்றான். ஆர்லீன் அழைத்தும் நிலைப்படியைத் தாண்டவில்லை.

“இந்த வீட்டுக்குள்ள வந்ததே இல்லீங்க.”

“எதுக்குப் பனியை அள்ளினீங்க?”

“தினமும் அள்றதுதான். நர்ஸம்மா சீக்கிரம் கிளம்பணுமே.”

ரூத் கணவனைப் பார்த்தாள். “நீ சொல்லித்தான் செய்யறார்னு நினைச்சேன்.”

“நான் சொல்லலையே” என்றான் டேல், குரல் இறங்கி.

காரைக் காட்ட ரூத் கதவோரக் கொக்கியிலிருந்து தன் கோட்டை எடுத்து மாட்டினாள். “சே, தோளெல்லாம் ஈரம்.” அவள் நெருங்கியதுமே காரின் விளக்குகள் கண்சிமிட்டின.

“சாவி?”

“கோட்டுப் பையிலயே கிடக்கும். பக்கத்துல வந்தா திறந்துக்கும், நகர்ந்தா பூட்டிக்கும். பூட்டிட்டா சார்ஜரையும் விடாது, கவ்விப் பிடிச்சுக்கும்.”

சார்ஜர் சொருகும் இடத்தில் ஒரு கீறல்கூட இல்லை. கராஜ் சுவரின் பிளக்பாயிண்ட் ஓரத்தில் மட்டும் பழுப்பாகக் கருகியிருந்தது.

“நேத்து எப்ப வீட்டுக்கு வந்தீங்க?”

“ஆறு மணிக்கு. பனி எட்டுக்கு மேலதான் ஆரம்பிச்சது. அப்புறம் நான் வெளியவே வரல.”

ஆர்லீனின் முகம் மலர்ந்தது. எல்லோரையும் சமையலறைக்குக் கூப்பிட்டாள். லோனி மட்டும் வாசலிலேயே நின்றான்.

“கார் பூட்டியிருந்துச்சு. சாவி பக்கத்துல வராம சார்ஜர் கழண்டிருக்காது. சாவி ரூத் கோட்டுல இருந்துச்சு. பனிக்கு முன்னாடி வீட்டுக்குள்ள வந்த கோட்டு காலையில எப்படி நனைஞ்சிருக்கு? பனி பெய்யும்போது யாரோ அதை மாட்டிக்கிட்டு வெளிய போயிருக்காங்க. ஒரு நிமிஷ வேலைன்னா நம்ம ஊர்ல தன் கோட்டை யார் தேடறோம்? கதவோரம் எது தொங்குதோ அதுதான். லோனி உள்ள வந்ததில்ல. டேலால இந்தக் காலோட பனியில நடக்க முடியாது.” அவள் திரும்பினாள். “கார் பூட்டியிருந்ததே உங்களுக்குத் தெரியாது, கர்ட். இழுத்தீங்க, வந்துடுச்சு.”

கர்ட் காபிக் கோப்பையை மேசையில் வைத்தான்.

“என் டிரக்லதான் இருக்கு” என்றான். “அந்தப் பழைய பிளக்பாயிண்ட் கருகுது, ராத்திரி பூரா சார்ஜ் போட்டா தாங்காதுன்னு எத்தனை தடவை சொன்னேன்? ஒருத்தரும் கேக்கல. தீப்பிடிச்சா மேல தூங்கறவன்தான் முதல்ல சாவான்.”

“அவரைக் காப்பாத்த எடுத்தீங்க” என்றாள் ஆர்லீன் மெதுவாக. “அப்புறம் அவர் மேலயே பழியைப் போட்டீங்க.”

கர்ட் தலைகுனிந்தான். “டேல் கத்தினதும் பயந்துட்டேன். மன்னிச்சுடு, லோனி.”

டேல் ஊன்றுகோலை எடுத்து, நொண்டிக்கொண்டே வாசல்வரை போனான். “நானும்தான்யா. எங்கயும் போகாத. உள்ள வா, காபி ஆறுது.”

லோனி பூட்ஸைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தான்.

சனிக்கிழமை ஆர்லீன் அந்தப் பக்கம் போனபோது, கராஜ் சுவரில் புதுக் கம்பியோடு புது சார்ஜர் பளபளத்தது. கர்ட் பொருத்த, லோனி துளை போட்டிருந்தான். பழையது ரூத்தின் காரில், போகிற இடங்களில் சொருக.

சார்ஜ் ஏறிவிட்டதா என்று பார்க்க ரூத் கைக்குக் கிடைத்த கோட்டை மாட்டிக்கொண்டு ஓடினாள். கைப்பிடியை இழுத்தாள். கதவு திறக்கவில்லை, விளக்கும் சிமிட்டவில்லை.

குனிந்து தன்னைப் பார்த்தவள் வாய்விட்டுச் சிரித்தாள். அவள் போட்டிருந்தது லோனியின் கோட்டு.