அக்கா யாருக்கு ‘ம்’ சொன்னாள்

ஏணியைத் தோளில் சாய்த்துக்கொண்டு இன்டர்நெட் இணைப்புக்காரர் மேடேறி வருவதைச் சமையலறை ஜன்னல் வழியே பார்த்தேன். வண்டி பாதி வழியிலேயே நின்றுவிட்டதாம்.

“சிக்னல் வர மாட்டேங்குதுன்னு சொன்னீங்க. என்னாலயே வர முடியலையே மேடம்,” என்றார் மூச்சிரைக்க.

சிரித்துவிட்டேன். அந்த வீட்டில் என் சிரிப்பை நானே கேட்டு வெகுநாளாகியிருந்தது.

விவாகரத்துக்குப் பிறகு அண்ணன் வீட்டில் ஒண்டியிருந்தேன். யாரும் ஒரு வார்த்தை தப்பாகச் சொன்னதில்லை. ஆனால் நான் கூடத்துக்குள் நுழைந்ததும் அங்கே பேச்சு நின்றுவிடும். அதற்குப் பயந்துதான் இந்த ஒற்றை வீட்டுக்கு வந்தேன். சுற்றிலும் மரங்கள். அடுத்த வீட்டு விளக்குகூடக் கண்ணுக்குத் தெரியாது. டாக்டர்கள் பேசிப் பதிவு செய்து அனுப்புவதைக் கேட்டுத் தட்டச்சு செய்வது என் வேலை. அதற்கு இன்டர்நெட் வேண்டும். செல்போன் சிக்னலும் எட்டாததால் பேசுவதற்கும் அதுவேதான். இங்கே அது சொட்டுச் சொட்டாகத்தான் வந்தது. இன்னொரு தடவை தாமதமானால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வதாக மேலாளர் சொல்லிவிட்டார். வேலை போனால் மறுபடி அண்ணன் வீட்டுக் கூடம்தான்.

அவர் கூரையில் இரும்புக் குழாயை நட்டு, உச்சியில் ஆன்டெனாவைக் கட்டி, மலைக்கு அப்பாலிருந்த டவரை நோக்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வெயில் தாழ்வதற்குள் மோடத்தில் பச்சை விளக்கு அசையாமல் எரிந்தது.

முதல் வேலையாக அக்காவைக் கூப்பிட்டேன்.

“இத்தனை நாள் கிணத்துக்குள்ள இருந்து பேசுன மாதிரி இருந்துச்சுடி. இப்ப பக்கத்துல உக்காந்து பேசுற மாதிரி இருக்கு,” என்றாள். பிறகு, “கூட யாரு?” என்றாள்.

“யாருமில்லையே.”

“ஒரு பொம்பளை குரல் கேட்டுச்சே. டிவியா?”

என்னிடம் டிவி கிடையாது.

மறுநாள் மேலாளர் கூப்பிட்டு, வேலை இப்போது மளமளவென்று வருவதாகப் பாராட்டினார். கடைசியில் தயங்கிச் சொன்னார். “உங்க வீட்ல இருக்கிறவங்களைக் கொஞ்சம் வேற ரூம்ல இருக்கச் சொல்லுங்க. நோயாளிங்க விவரம் பாருங்க.”

அறைக் கதவைச் சாத்திக்கொண்டு காது கொடுத்தேன். ஃபிரிட்ஜின் உறுமல். இலைகளின் சலசலப்பு. வேறொன்றும் இல்லை. காயாத துணியை மடித்து வைத்தது போல ஒரு வாடை மட்டும் நாற்காலிக்குப் பின்னாலிருந்து வந்தது.

இணைப்புக்காரரை மறுபடி வரவழைத்தேன். கேபிளை மாற்றினார், மோடத்தை மாற்றினார். என் போனை வாங்கித் தன் கடைக்குப் பேசினார். “பொம்பளை குரலா?” என்று கேட்டுவிட்டு என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

“லைன்ல ஒரு குறையும் இல்ல மேடம்.”

“அப்ப அந்தக் குரல்?”

“முன்னாடியும் இருந்திருக்கும். இரைச்சல்ல கேட்டிருக்காது.”

போனைக் கையில் தராமல் மேசைமேல் வைத்துவிட்டு, ஏணியை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனார்.

அன்று மாலை அக்காவோடு பேசிக்கொண்டிருந்தபோது அவள் குரல் சட்டென்று தணிந்தது.

“நீ கொஞ்சம் பேசாம இரு. அவங்க என்கிட்ட ஏதோ சொல்றாங்க.”

போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

அறையில் எந்தச் சத்தமும் இல்லை.

போனில் அக்கா, “ம்,” என்றாள்.

சற்றுப் பொறுத்து மறுபடி, “ம்.”

என் அறையில் இருக்கும் யாருக்கோ அவள் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள். ஈரத்துணி வாடை என் தோளருகே வந்து நின்றது. திரும்பிப் பார்க்கத் துணிவு வரவில்லை.

“நீ பொழுது சாஞ்சா சுவரைப் பாத்துக்கிட்டு அழுவியாமே,” என்றாள் அக்கா.

நான் அதை யாரிடமும் சொன்னதில்லை.

“வேற என்ன சொல்றாங்க?” என் குரல் எனக்கே கேட்கவில்லை.

அக்கா மூக்கை உறிஞ்சினாள். அவள் அழுகிறாள் என்று புரிந்தது.

“நீ போயிடுவியோன்னு பயமா இருக்காம்.”

விடிந்ததும் கிளம்பிவிட்டேன். அண்ணன் வீட்டுக்குப் போகவில்லை. நகரத்தில் ஒரு மாடி அறை கிடைத்தது. அங்கே இன்டர்நெட் தாராளமாக வந்தது. கீழே தெருவில் ஓயாத கூட்டம். அதில் ஒரு முகமும் என்னைத் தெரிந்த முகமில்லை. நாள் முழுக்க டாக்டர்களின் குரல்களைக் கேட்டேன். என்னை நோக்கி ஒருவரும் பேசவில்லை.

சாமான்களைக் கழற்றிக்கொள்ளும்படி இணைப்புக்காரரிடம் சாவியைக் கொடுத்திருந்தேன். பட்டப்பகலில், கூடவே ஓர் ஆளையும் அழைத்துக்கொண்டுதான் போனார். அங்கிருந்து எனக்குப் போன் வந்தது.

“வந்துட்டேன் மேடம். உங்க மோடத்துலதான் பேசுறேன். கழட்டிடட்டுமா?”

பதில் சொல்ல வாயெடுத்தேன்.

அவர் குரலுக்குப் பின்னால், மிக அருகில், வறண்ட தொண்டையோடு ஒரு பெண் கேட்டாள்.

“சாப்பிட்டியா?”

முதன்முறையாக இப்போது நான் மறுமுனையில் இருந்தேன்.

“மேடம்? கேக்குதா?” என்றார் அவர். அவருக்கு ஒன்றும் கேட்கவில்லை.

அந்த நகரத்துக்கு வந்ததிலிருந்து யாரும் என்னை அப்படிக் கேட்டதில்லை.

“சாப்பிட்டேன்,” என்றேன்.

“என்ன மேடம்?”

அவள் மூச்சு விடுவது கேட்டது. பிறகு, கெஞ்சுவது போல, மெல்லச் சொன்னாள்.

“வச்சிடாத.”