இரும்பை ஊமையாக்கும் பொத்தான்

பேய்க்கதை என்றால் அமாவாசை வேண்டும், பாழடைந்த பங்களா வேண்டும், ஊளையிட ஒரு நாயாவது வேண்டும். என்னிடம் அதெல்லாம் இல்லை. ஞாயிற்றுக்கிழமை, காலை எட்டே முக்கால், பளீரென்று வெயில், வயிற்றில் நாலு இட்லி. பட்டினச்சேரிக்குத் தெற்கே, சவுக்குத் தோப்பு முடிந்து மணல் தொடங்குகிற இடத்தில் ஸ்கூட்டரை நிறுத்தினேன். பின்சீட்டில் கயிறு போட்டுக் கட்டியிருந்த மெட்டல் டிடெக்டரை அவிழ்க்க ரொம்ப நேரம் பிடித்தது. முடிச்சு இறுகிவிட்டது என்று சொல்லிக்கொண்டேன்.

அந்த மணலில் நான் கால் வைத்து இருபது வருஷம் ஆகிறது.

என் பெயர் குஞ்சிதபாதம். தூக்கிய திருவடி என்று அர்த்தம். சாமி ஆடுவதற்காகத் தூக்கினார். நான் ஓடுவதற்காகத் தூக்கியவன். ஊரில் குஞ்சு என்பார்கள். நெரவியில் பம்ப்செட் மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டுகிற கடை. ஞாயிற்றுக்கிழமைகளில் இந்தக் கருவியோடு காரைக்கால் கடற்கரையில் திரிவேன், இந்தத் தெற்குப் பக்கம் மட்டும் வராமல். மணலில் தொலைந்த தோடு, மெட்டி, கார் சாவி, ஒரு தடவை ஒரு தங்கப் பல். எடுத்துக் கொடுத்தால் ஜனங்கள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுவார்கள். தொலைந்தது யாருக்காவது திரும்பக் கிடைப்பதைப் பார்க்க எனக்குப் பிடிக்கும்.

முந்தின நாள் சாயங்காலம் போன் வந்தது.

"குஞ்சண்ணே, நான் நௌஷின் பேசறேன். ஃபயாஸ் தங்கச்சி."

போனைக் காதோடு அழுத்திக்கொண்டு கடைக் கதவைச் சாத்தினேன்.

"ஷார்ஜாலேர்ந்து லீவுல வந்திருக்கேன். உம்மா திடீர்னு கடலப் பாக்கணும்னு சொன்னிச்சு. ஃபயாஸ் நானா போனதுலேர்ந்து கடல் பக்கம் திரும்பாதது, இன்னிக்குக் கூட்டிட்டுப் போனேன். வெரல் மெலிஞ்சு போச்சுல்ல, வாப்பா போட்ட மோதிரம் மணல்ல விழுந்துட்டுது. கையால தோண்டறதுக்குள்ள அல வந்து மூடிட்டு. நீங்கதான் வரணும்ணே."

ஞாயிற்றுக்கிழமை கடை இருக்கு என்று பொய் சொல்லக்கூட எனக்குத் தோன்றவில்லை.

உம்மா தோப்பு நிழலில் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ஃபயாஸ் அப்படிக் கூப்பிட்டதால் பள்ளிக்கூட நாளிலிருந்தே ஜன்னத்துல் பிர்தௌஸ் எனக்கும் உம்மாதான்.

"வா வாப்பா. ஆளே தெரியல. தொந்தி போட்டுட்ட."

"தலையில இருந்து எறங்கின முடிதான் உம்மா, வயித்துல தங்கிட்டு."

சிரித்தார். அப்புறம், "ஒரே ஊருலதானே இருக்க? இருபது வருஷத்துல ஒரு தடவ எங்க வாசல எட்டிப் பாக்கலியே," என்றார்.

எனக்கு எல்லாவற்றுக்கும் ஒரு நக்கல் பதில் உண்டு. இதற்கான பதில் என் பர்சில் இருந்தது. சில்லறை போடுகிற பொத்தான் வைத்த அறையில், ஒரு சின்னப் பித்தளைச் சாவி.

சொல்லிவிடுகிறேன். சுனாமி வந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் நானும் ஃபயாஸும் இதே தோப்போரம் இருந்தோம். இரண்டு பேருக்கும் பதினாறு வயசு. அவனுக்குப் புது சைக்கிள், வாப்பா சவூதியிலிருந்து அனுப்பிய காசில் வாங்கியது. அதை நிறுத்திவிட்டு அவன் அலையில் கால் நனைக்கப் போன நேரத்தில், பின்சக்கரப் பூட்டைப் பூட்டிச் சாவியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். விளையாட்டுக்கு. 'குஞ்சிதபாத மகாராஜா, சாவி தாங்க' என்று அவன் கெஞ்ச வேண்டும். அதுதான் மொத்தத் திட்டம். ரோட்டோரக் கடையில் கடலைமிட்டாய் வாங்கிக்கொண்டு நின்றேன். கீழேயிருந்து பெல் அடித்தான். இரண்டு குட்டை, ஒரு நெட்டை. எங்களுக்குள் அதற்கு 'வாடா குஞ்சு' என்று அர்த்தம்.

நான் போகவில்லை. நின்று சிரித்தேன்.

மறுபடியும் அடித்தான். இன்னும் கொஞ்சம் கெஞ்சட்டும் என்று இருந்தேன். அப்புறம் ஜனம் கத்திக்கொண்டு மேலே ஓடிவந்தது. நானும் ஓடினேன், சாவியோடு. பூட்டிய பின்சக்கரத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அவன் சைக்கிளை இழுத்ததை யாரோ பார்த்திருக்கிறார்கள். மூன்றாம் நாள் அவன் கிடைத்தான். சைக்கிள் கிடைக்கவில்லை. சாவி என்னிடம் இருப்பதை யாரிடமும் நான் சொல்லவில்லை.

மோதிரம் விழுந்த இடத்தை நௌஷின் கால் கட்டைவிரலால் வட்டம் போட்டுக் காட்டினாள். சுனாமி வந்த அன்றைக்கு அது தோப்பின் ஓரம். இருபது வருஷத்தில் கடல் கரையைத் தின்று அலை அங்கே வந்துவிட்டது.

ஈர மணலில் கருவி லேசில் வேலை செய்யாது. உப்புத் தண்ணீரையே உலோகம் என்று நினைத்து ஓயாமல் கத்தும். முதலில் அடித்தட்டைத் தரைக்கு மேலே நாலைந்து தடவை தூக்கி இறக்கி, அந்த மண்ணுக்கு அதைப் பழக்க வேண்டும். பழக்கினேன். ஹெட்போனை மாட்டிக்கொண்டு மெதுவாக வீசினேன். ஒன்றும் இல்லை.

"சவுண்டக் கூட்டி வைங்கண்ணே, ஆழமாப் போகும்ல?" என்றாள் நௌஷின்.

"எல்லாரும் அப்படித்தாம்மா நெனைக்கறாங்க. சென்சிட்டிவிட்டியக் கூட்டினா இரைச்சல்தான் கூடும். ஆழத்துல இருக்கறது சன்னமாத்தான் பேசும், இரைச்சல்ல அது அமுங்கிப் போயிடும். அதனால கொறைக்கணும். தட்ட இன்னும் மெதுவா வீசணும்."

குறைத்தேன். மெதுவாக வீசினேன். ஒரு ஐஸ்கிரீம் உறையின் தகடு, ஒரு அலுமினிய மூடி. மோதிரம் இல்லை.

"இதுக்கு மேல போகாதாண்ணே?"

போகும். ஒரு பொத்தான் இருக்கிறது.

எந்த உலோகத்தைக் கேட்க வேண்டாம் என்று கருவிக்குச் சொல்லிவைக்கலாம். நான் இதை வாங்கிய நாளில் செய்த முதல் வேலை, இரும்பை ஊமையாக்கியது. படகு ஆணி, தூண்டில் முள் என்று கடற்கரை முழுக்க இரும்புக் குப்பை என்பேன் கேட்கிறவர்களிடம். அது பாதி உண்மை. ஆனால் அப்படி ஒன்றைக் கேட்காதே என்று சொல்லிவைத்தால், கருவி ஒவ்வொரு சத்தத்தையும் நின்று நிதானித்துச் சலித்துப் பார்க்கும். ஆழத்திலிருந்து வருகிற சன்னமான சத்தம் அந்தச் சல்லடையில் விழுந்துவிடும். ஆழமாகக் கேட்க வேண்டுமென்றால் எல்லாவற்றையும் கேட்டாக வேண்டும்.

உம்மாவைப் பார்த்தேன். மோதிரம் இல்லாத விரலைத் தடவிக்கொண்டிருந்தார்.

பொத்தானை அழுத்தினேன்.

ஏழு வருஷமாக வாயைக் கட்டி வைத்திருந்த கடற்கரை ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தது. ஆணிகள் முனகின. ஏதோ கம்பி இருமியது. பல்லைக் கடித்துக்கொண்டு வட்டத்தின் நடுவுக்கு நகர்ந்தேன். அங்கே ஆணிகளின் முனகல் அடங்கியது. வெகு ஆழத்தில், சன்னமாக, ஒரு நல்ல சத்தம். இருமல் இல்லை. மணிபோலச் சுத்தம்.

ட்ரிங். ட்ரிங்.

ட்ரீஈங்.

மோதிரம்தான் என்று சொல்லிக்கொண்டேன். பெரிய இரும்பு துருப்பிடித்து ஆழத்தில் கிடந்தாலும் தங்கம்போல ஏமாற்றும், அது எனக்குத் தெரியும். இன்னொரு தடவை வீசுவதற்கு முன் தட்டை அசைக்காமல் நிறுத்தினேன்.

ட்ரிங். ட்ரிங்.

தட்டு அசைந்தால்தான் இந்தக் கருவி பேசும். அசையாவிட்டால் குவியல் தங்கத்தின் மேல் வைத்தாலும் பேசாது.

ட்ரீஈங்.

என் கை அசையவில்லை.

காற்று நின்றிருந்தது. சவுக்கில் இரைச்சல் இல்லை. கடல் நாற்றத்துக்கு நடுவே இன்னொரு வாடை: கடையிலிருந்து அப்போதுதான் தள்ளிக்கொண்டு வந்த சைக்கிளின் புது டயர் வாடை.

ஹெட்போனைப் பிடுங்கிக் கழுத்தில் போட்டேன். சத்தம் அதற்குள்ளே அடைபட்டது. பக்கத்தில் நின்ற நௌஷினுக்கு ஒன்றும் கேட்கவில்லை, செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இருபது அடி தள்ளி உட்கார்ந்திருந்த உம்மா தலையை நிமிர்த்தினார்.

"யாரு பெல்லடிக்கறது?"

"என்னா உம்மா? யாரும் அடிக்கலியே," என்றாள் நௌஷின்.

"நம்ம வூட்டு சைக்கிளு பெல்லுடி."

நான் தோண்டினேன். வேறு என்ன செய்ய? மண்வெட்டி முழங்கால் ஆழம் போனதும் குழியில் தண்ணீர் ஊறியது. ஓரம் சரிந்தது. குப்புறப் படுத்து, தோள்வரை கையை விட்டுத் துழாவினேன். சொரசொரவென்று ஒரு வளையம் அகப்பட்டது. இழுத்தேன். துருக்கட்டி. குதிரை லாடம் மாதிரி. அதன் வாயில் மூன்று நான்கு சக்கரக் கம்பிகள் உடைந்து செருகிக் கிடந்தன.

சைக்கிள் பூட்டு. பூட்டியபடி.

உம்மா எப்போது எழுந்து வந்தார் என்று தெரியவில்லை. என் கையிலிருந்து அதை வாங்கிப் புடவைத் தலைப்பால் துடைத்தார்.

"பூட்டித்தான் வச்சிருக்கான்," என்றார். "பூட்டாம எங்கயும் வைக்காதேன்னு நாந்தான் சொல்லிச் சொல்லி அனுப்புவேன். அதுக்கு மொத நாளு ஒரு வார்த்த சொன்னேன் தம்பி. சைக்கிளு இல்லாம வந்தியன்னா வூட்டு வாசப்படிய மிதிக்காதேன்னு. அதான் புள்ள அத வுட்டுட்டு ஓடல. எம்புள்ளய நாந்தான் மௌத்தாக்குனேன்."

"உம்மா, சும்மா இருங்களேன்," என்றாள் நௌஷின். நூறு தடவை கேட்டதை நூற்றோராவது தடவை கேட்கிற குரல்.

இருபது வருஷம். ஒரே ஊரில் நான் தெரு மாறித் தெரு போய்க்கொண்டிருந்த அத்தனை நாளும், என் பழியை இந்த அம்மாள் சுமந்துகொண்டிருந்தார்.

கழுத்தில் கிடந்த ஹெட்போன் என் எலும்பில் மெல்ல அடித்தது. இரண்டு குட்டை, ஒரு நெட்டை.

"அவன் பூட்டல, உம்மா."

பர்சைத் திறந்தேன். சாவியை உள்ளங்கையில் வைத்து நீட்டினேன். எல்லாவற்றையும் சொன்னேன். கடலைமிட்டாயையும் விடவில்லை.

உம்மா சாவியைத் தொடவில்லை.

"அவன் பெல்லடிச்சது ஒனக்குக் கேட்டுச்சா?"

"கேட்டுச்சு உம்மா."

"என்னா பண்ணுன?"

"சிரிச்சேன்."

அறைந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் குழியைப் பார்த்தார்.

"எங்கிட்ட ஏன் நீட்டுற? கேட்டது அவந்தானே. அவங்கிட்ட குடு."

பூட்டைப் புடவையில் சுற்றிக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் நடந்தார். நௌஷின் மடக்கு நாற்காலியை எடுத்துக்கொண்டாள். "மோதிரம் போனாப் போவுது. நீங்க கெளம்புங்க," என்றாள். இந்தத் தடவை 'அண்ணே' இல்லை. கார் கிளம்பிப் போகிற சத்தம் கேட்டது.

நான் படுத்தேன். சாவியை விரல் நுனியில் பிடித்து, கலங்கிய தண்ணீருக்குள் கையை இறக்கினேன். முழங்கை. தோள். அடியில் மணல் இருக்க வேண்டும்.

ஒரு கை இருந்தது.

விரித்த உள்ளங்கை. மேலே பார்த்து விரித்தபடி. கேட்டுக்கொண்டு.

கத்தவில்லை நான். கத்த வேண்டுமானால் மூச்சு வேண்டும்.

"ஃபயாஸ், இந்தாடா," என்றேன்.

சில்லென்ற விரல்கள் மூடின. என்னைப் பிடித்து இழுக்கும் என்று நினைத்தேன். இழுத்தால் போய்விடலாம் என்றும் நினைத்தேன். அது என் கையைப் பிடிக்கவில்லை. சாவியை மட்டும் எடுத்துக்கொண்டது.

குழியை மூடினேன். எல்லா உலோகத்தையும் கேட்கிற நிலையில் வைத்து, அதன் மேல் தட்டைப் பத்துத் தடவை வீசினேன். ஒரு கை நீள ஆழத்தில் சற்று முன்பு நான் வைத்த பித்தளை. கருவி வாயே திறக்கவில்லை. ஆணிகள்கூடப் பேசவில்லை.

அன்று முழுக்கக் கடையில் படுத்தே கிடந்தேன். விளக்கு வைக்கிற நேரத்தில் டீ வாங்கப் பர்சை எடுத்தேன். சில்லறை அறை கனத்தது. பொத்தானைப் பிரித்தேன். ஈர மணல் கொட்டியது.

மணலோடு ஒரு மோதிரம். உட்புறம் அரபு எழுத்தில் ஏதோ ஒரு பெயர்.

சிரிப்பு வந்துவிட்டது எனக்கு. அழுதுகொண்டே சிரித்தேன். இருபது வருஷம் சாவியை ஒளித்து வைத்தவன் பையில், இப்போது அவர்கள் வீட்டு மோதிரம். நான்தான் அமுக்கிவைத்தேன் என்று நினைக்க மாட்டார்களா? எந்த வாயோடு போய் நிற்பேன்? எப்படிக் கிடைத்தது என்பேன்? போகாமல் இருக்கவும் முடியாது. ஃபயாஸ் என்னை நன்றாகத்தான் மாட்டிவிட்டான். விளையாட்டில் அவன் எப்போதும் என்னைவிடக் கெட்டிக்காரன்.

சட்டையைப் போட்டுக்கொண்டு வெளியே வந்தேன். தெருவில் யாரும் இல்லை. ஸ்கூட்டரில் உட்கார்ந்து, ஸ்டாண்டை எடுத்து, ஸ்டார்ட் செய்தேன்.

புது டயர் வாடை வந்தது.

வண்டியின் பின்பக்கம் மெல்ல இறங்கியது. பதினாறு வயசுப் பையன் ஒருவன் காலைத் தூக்கிப் போட்டு உட்கார்ந்தால் எவ்வளவு இறங்குமோ, அவ்வளவு.

நான் திரும்பிப் பார்க்கவில்லை. அவர்கள் தெருவுக்குத்தான் வண்டியைத் திருப்பினேன்.