இரண்டு விரல் கோடு

தையல்காரரின் வயிற்றிலிருந்து வெளியே வரும் குழாயில், தோலுக்கு இரண்டு விரல் தள்ளி நர்ஸம்மா பேனாவால் ஒரு கோடு போட்டிருந்தார். இன்று அது ஒரு விரல் தூரத்தில் இருந்தது. முப்பது வருஷம் நூல் பிசகாமல் அளவெடுத்த கண், தப்பாகாது.

சிறுநீரகம் இரண்டும் கைவிட்ட பிறகு அந்தக் குழாய்தான் அவருக்கு உயிர். வயிற்றில் நிரப்பிய மருந்துத் தண்ணீரைத் தினமும் நான்கு தடவை தரையில் கிடக்கும் பைக்கு வடிக்க வேண்டும். கிருமி அண்டாமலிருக்க ஜன்னலைச் சாத்தி, மின்விசிறியை நிறுத்தி, கதவுக்கு உள்தாழ்ப்பாள் போட்டு, ஸ்பிரிட் வாடையும் வியர்வையும் கலந்த புழுக்கத்தில் அசையாமல் உட்கார்ந்திருக்க வேண்டும்.

"குழாய் இழுபடாம பிளாஸ்திரி போட்டு ஒட்டிவைங்க. மலச்சிக்கல் வரவிடாதீங்க. உள்ள ஒரு கொழுப்புச் சவ்வு திரை மாதிரி தொங்கும். அது குழாயைச் சுத்திப் பிடிச்சுக்கிட்டா தண்ணி வடியாது" என்று நர்ஸம்மா தலைபாடாக அடித்துக்கொண்டிருந்தார். அரிப்புத் தாங்காமல் தையல்காரர் நான்கு நாளாகப் பிளாஸ்திரி போடவில்லை. போட்டதாக மனைவியிடம் புளுகியிருந்தார்.

அரைப் பை நிறைந்ததும் வடிவது நின்றது. இடுப்பை அசைத்துப் பார்த்தார், இருமிப் பார்த்தார், சொட்டு இறங்கவில்லை. வயிற்றுக்குள் ஈரத்துணியை முறுக்குவது போல ஒரு சத்தம் மட்டும் கேட்டது. குனிந்தார். கோடு தோலைத் தொட்டிருந்தது.

குழாயை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தார். உள்ளிருந்து இழுப்பு. விட்டுவிட்டு. நிதானமாக.

"என்னங்க, வடிஞ்சிருச்சா?" வெளியே மனைவி.

"இல்ல... உள்ள இழுக்குது."

"பிளாஸ்திரி ஒட்டினேன்னு சொன்னீங்களே! தாழைத் திறங்க!"

கதவு அதிர்ந்தது. தாழ்ப்பாள் நான்கு எட்டில். எழுந்திருக்க ஒரு கையை எடுத்தார். குழாய் சரேலென்று வழுக்கியது. திரும்பப் பிடித்தார். இனி எழ முடியாது. விடவும் முடியாது.

கோடு உள்ளே போய்விட்டது. வடிந்த தண்ணீர் குழாயில் மேலே ஏறியது. பை மெலிந்தது. சுருங்கியது. தரையில் சரசரவென்று அவரை நோக்கி நகர்ந்தது.

"திறங்களேன்!"

பிடித்திருந்த விரல்கள் தோல்வரை வந்துவிட்டன. பிடியை விட நினைத்தார்.

உள்ளிருந்து மெத்தென்று ஏதோ நீண்டு, ஆள்காட்டி விரலைச் சுற்றிப் பிடித்துக்கொண்டது.