துடைத்தெடுத்த சத்தம்

மகள் டில்லி ரப்பர் பூட்ஸோடு சோபாவிலிருந்து பலகைத் தரையில் குதித்தாள். சத்தமே வரவில்லை.

பிரையனி ஹெட்போனைக் கழற்றிவிட்டுக் காதைத் தேய்த்துக்கொண்டாள். தகரக் கூரையில் மழை கொட்டுவது கேட்டது. கணப்பில் ஈர விறகு சீறியதும், ஆற்றுப் பக்கமிருந்து வந்த காற்று ஆப்பிள் தோட்டத்து வேலிக் கம்பிகளை உலுக்கியதும், கூரை இடுக்கில் குடியேறியிருந்த பொசம் என்ற காட்டுப் பிராணி புரண்டு படுத்துக் கீறியதும்கூடத் தெளிவாகக் கேட்டன. ஐந்து வயதுப் பிள்ளை பூட்ஸோடு குதித்தது மட்டும் கேட்கவில்லை. நாள் பூராவும் ஹெட்போனை மாட்டியிருந்தால் காது மக்கர் செய்யத்தான் செய்யும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

காலையிலிருந்து துணி அலமாரிக்குள் உட்கார்ந்துதான் பாடியிருந்தாள். ஹோபார்ட் நகரத்து ஸ்டுடியோவுக்குப் போகக் கையில் காசில்லாதவர்களுக்குக் கோட்டும் கம்பளியும் தொங்கும் அலமாரிதான் ஸ்டுடியோ. கிட்டார் அவள், குரல் அவள், ஒத்துப்பாடும் இரண்டாம் குரலும் அவளே. மூன்று நிமிடப் பாட்டு. டில்லி மேல் உயிரையே வைத்திருக்கும் ஒரு தாயின் பாட்டு. அந்த டில்லி வாயை மூடினால்தானே பாட்டு பதிவாகும்? மூன்று தடவை கெட்டுப்போன பிறகு, "உன்னோட தொல்லை தாங்கலடி! கொஞ்ச நேரம் இல்லாத மாதிரி இருந்து தொலையேன்!" என்று கத்தினாள். பாசத்தைப் பாடியதும் அதே வாய்தான்.

நாலாவது பதிவு தேறியது. பிறகு இரைச்சலைத் துடைத்தாள். பாட்டு தொடங்குமுன் இருக்கும் வெறும் துண்டு ஒன்றைக் கணினிக்குக் காட்டி, இதுதான் இரைச்சல் என்று சொன்னால் போதும். அந்தச் சத்தம் எங்கே ஒளிந்திருந்தாலும் தேடிப் பிடித்து எடுத்துவிடும். மழைதான் அந்தத் துண்டில் இருக்கிறது என்று நினைத்துக் காட்டினாள். காட்டுமுன் அதை ஒருமுறை போட்டுக் கேட்கச் சோம்பல்பட்டாள்.

போன் அடித்தது. அண்ணன் ரோரி.

"பிரை, நீ அனுப்பின பாட்டைக் கேட்டேன். பிரமாதம்டி! ஆனா மழை அப்படியே கேக்குதே. நீ எதைத்தான் துடைச்ச?"

"மழையைத்தான், அண்ணா."

"நல்லாத் துடைச்ச போ! சரி, எங்க அந்த வாயாடி? மாமாகிட்ட பேசச் சொல்லு."

டில்லி போனை வாங்கிக் கன்னத்தில் அழுத்திக்கொண்டாள். கண்ணை உருட்டினாள், தலையை ஆட்டினாள், கையை விரித்து விரித்து எதையோ விவரித்தாள். உதடுகள் நிற்காமல் அசைந்தன.

"ஹலோ? டில்லி? மாமா மேல கோவமா? ஒரு வார்த்தை பேசு கண்ணு..."

பிரையனி போனைப் பிடுங்கி அணைத்தாள்.

"டில்லி, அம்மானு சொல்லு."

உதடுகள் கூடிப் பிரிந்தன. பிரையனி பிள்ளையின் தொண்டையில் விரலை வைத்தாள். அதிர்வே இல்லை. நெஞ்சில் காதை வைத்தாள்.

மழை. கணப்பு. அவ்வளவுதான்.

கணினிக்கு ஓடினாள். துடைத்தெடுத்த சத்தத்தை மட்டும் தனியாகக் கேட்க அதில் ஒரு பொத்தான் உண்டு. அழுத்திவிட்டு ஹெட்போனை மாட்டினாள்.

முதலில் ஒரு முனகல். அடுத்த அறையிலிருந்து, அவளுடைய பாட்டையே அடிக்குரலில் பாடிப் பார்க்கும் குழந்தைக் குரல். அதைத்தான் இரைச்சல் என்று காட்டியிருந்தாள். பிறகு பூட்ஸ் தொப்பென்று தரையில் விழும் சத்தம். பிறகு, திரையில் ஒலியலையெல்லாம் முடிந்துபோன இடத்துக்கும் அப்பால்:

"அம்மா, பாட்டு முடிஞ்சிருச்சா?"

பிரையனி ஹெட்போனைக் காதோடு அழுத்திப் பிடித்தாள்.

"நான் சத்தமே போடலம்மா. சமத்தா இருக்கேன். இங்க ரொம்ப இருட்டா இருக்கு. வெளிய வரட்டா?"

மைக்கை இழுத்தாள். பதிவுப் பொத்தானை அழுத்தினாள். "டில்லி! அம்மா இங்க இருக்கேன்டா தங்கம்! வா, வந்துரு!" அவள் குரல் திரையில் மலைபோல் எழுந்தது.

"வரேம்மா... அம்மா, உன் பின்னாடி நிக்கிறது யாரு?"

தோளில் ஒரு சின்னக் கை விழுந்தது. சில்லென்று.

அது மடியில் ஏறி உட்கார்ந்தது. டில்லியின் பூட்ஸ். டில்லியின் முடி. கனமே இல்லை. காலையெல்லாம் அம்மா செய்ததைப் பார்த்திருந்த விரல், திரையில் எழுந்து நின்ற அந்த மலையை ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை நிதானமாகத் தேய்த்துக் குறித்தது. இதுதான் இரைச்சல்.

"வேண்டாம்! வேண்டாம்டா..."

துடைக்கும் பொத்தானை அழுத்தியது.

பிரையனி கத்தினாள். கழுத்து நரம்பு புடைக்க, வாய் கிழியக் கத்தினாள். மடியில் இருந்தது நிமிர்ந்து அவள் வாயையே பார்த்துச் சிரித்தது.

கூரையில் மழை மட்டும் கேட்டது.