எட்டாயிரம் அடி நடந்த குழந்தை

விஜயஸ்ரீ பள்ளிவிட்டு வந்தபோது சேலைத் தொட்டில் ஆடிக்கொண்டிருந்தது. உள்ளே பத்து மாதத் தம்பி பூதலிங்கம் தூங்கினான். அப்பா மகேஷ் நாற்காலியில் உட்கார்ந்து கம்ப்யூட்டரைத் தட்டியபடி, தொட்டில் கயிற்றைக் காலால் இழுத்து இழுத்து விட்டார். பக்கத்தில் ஒரு கிண்ணம் மிக்சர்.

அப்பாவுக்குச் சென்னைக் கம்பெனியில் வேலை. ஸ்ரீவைகுண்டத்து வீட்டிலிருந்தே பார்க்கிறார். காலையில் உட்கார்ந்தால் சாயங்காலம் வரை அந்த நாற்காலிதான்.

போன வாரம் டாக்டர் சொன்னார்: "ரத்தத்துல சீனி ஏறுது. தெனமும் ஆறாயிரம் அடி நடங்க. ஒரு மாசத்துல குறையலைன்னா மாத்திரைதான்."

அம்மா உடனே அடி எண்ணும் வாட்ச் வாங்கிக் கொடுத்தார். அந்த வாட்ச் இப்போது அப்பாவின் கையில் இல்லை. தொட்டிலில் கட்டியிருந்தது! தொட்டில் ஆட ஆட அதில் எண்ணிக்கையும் ஏறியது. எட்டாயிரத்துப் பதினான்கு!

"அப்பா! இது என்ன?"

"ஏட்டி, சத்தம் போடாத. அம்மாகிட்ட சொல்லிராத, என்ன?"

"சொல்லலை. ஆனா, ரத்தம் எடுக்கிற ஊசியையும் தம்பிக்குத்தான் போடுவாங்களாப்பா?"

சிரிக்கத் தொடங்கிய அப்பா பாதியில் நிறுத்திக்கொண்டார். மிக்சர் கிண்ணத்தைத் தள்ளி வைத்தார். "நாளையிலருந்து நடக்கேன் மக்கா."

மூன்று நாள் போயிற்று. அப்பா நடக்கவில்லை. மாடியில் துணி எடுக்கப் போனால் பாதிப் படியிலேயே மூச்சு வாங்கினார். அதைப் பார்த்த விஜயஸ்ரீ யோசித்தாள். அம்மாவிடம் சொன்னால் சண்டைதான் வரும். அப்பா நடப்பாரா?

மறுநாள் சாயங்காலம் ஐந்து மணிக்கு, தம்பியைத் தூக்கி அப்பாவின் தோளில் போட்டாள்.

"இவனுக்கு பஸ் பாக்கணுமாம்."

"அவனே சொன்னானாக்கும்?"

"ஆமா. எங்கிட்ட மட்டும் சொல்லுவான்."

தெருமுனை வாழைக்காய்க் கடையில் அப்பா நின்றுவிட்டார். உடனே பூதலிங்கம் வீறிட்டான். அப்பா ஓர் அடி எடுத்து வைத்தார். அழுகை நின்றது. மறுபடி நின்றார். மறுபடி வீறிட்டான்.

கடைக்கார முகம்மது இப்ராஹிம் சிரித்தார். "ஏன் வே நிக்கீரு? மொதலாளி கோவப்படுதாருல்லா! பைய நடையும்!"

அணைக்கட்டு வரை நடை நிற்கவில்லை. மதகில் இரையும் தண்ணீரைப் பார்த்துப் பூதலிங்கம் கை தட்டினான். அப்பாவின் சட்டை நனைந்திருந்தது. பாதி வேர்வை, மீதி தம்பியின் வேலை.

மறுநாள் ஐந்து மணிக்குத் தொட்டிலுக்குள்ளிருந்து ஒரே கத்தல். தூக்கினால் வாசலைக் காட்டினான். அதற்கடுத்த நாளும் அப்படியே. அப்பா தொட்டிலிலிருந்து வாட்சை அவிழ்த்துத் தன் கையில் கட்டிக்கொண்டார். அம்மாவிடம் தானே எல்லாவற்றையும் சொன்னார். அம்மா முறைத்தார். பிறகு அடக்க முடியாமல் சிரித்தார்.

ஒரு மாதம் கழித்து டாக்டர் பரிசோதனைக் காகிதத்தைப் பார்த்தார். "நல்லா குறைஞ்சிருக்கு. மாத்திரை வேண்டாம். நடையை மட்டும் விட்டுராதீங்க."

அன்று மாலை அணைக்கட்டைத் தாண்டியும் அப்பா நிற்கவில்லை. தோளில் தம்பி துள்ள, வாழைத் தோட்டங்களைப் பார்த்து வீசி வீசி நடந்தார்.

"எப்பா, கொஞ்சம் பைய நடங்க!" என்று சிரித்துக்கொண்டே பின்னால் ஓடினாள் விஜயஸ்ரீ.