ஓடாத தூதர்

காலையில் பல் துலக்கியதும் நான் செய்யவேண்டிய முதல் அரசாங்க வேலை, மாடி முகப்பில் போய் நிற்பது. கையில் காப்பி இருக்கலாம், தலை வாராமல் இருக்கலாம். முகத்தை மட்டும் மறைக்கக் கூடாது. கீழே தெருவில் பால்காரர், பள்ளிப் பிள்ளைகள், ஆலைக்குப் போகும் பெண்கள் எல்லாரும் ஒரு தடவை அண்ணாந்து பார்ப்பார்கள். "தூதரம்மா இருக்காங்க" என்று யாராவது சொல்வார்கள். அவ்வளவுதான், கடைகள் திறக்கும், ஊர் வேலைக்குப் போகும். இதற்கு முகங்காட்டல் என்று பெயர். ஒப்பந்தத்திலேயே அந்தச் சொல் இருக்கிறது.

எதிர்ச் சாரியில் இட்லிக் கடை வைத்திருந்த செங்கமலத்துக்குப் பார்த்தால் மட்டும் போதாது. என்னைப் பேசவைக்க வேண்டும்.

"இன்னைக்கு இருப்பீங்களாம்மா?"

"நான் எங்கே போகப்போறேன் செங்கமலம், உன் சாம்பாரை விட்டுட்டு?"

"குறை சொல்லாம அதைச் சாப்பிடுறது நீங்க ஒருத்தர்தான்."

அவள் கேட்பதற்குக் காரணம் உண்டு. அவளுடைய கணவர் முத்துக்காளை ஆலையில் முதுகெலும்பு முறிந்து, கடையின் பின்னறையில் கட்டிலோடு கிடந்தார். அவரை மேட்டுத் தெருவுக்குத் தூக்கிப்போக நாலு ஆள் வேண்டும். நான் ஊரைவிட்டுக் கிளம்புவதாக இருந்தால், மற்ற எல்லாருக்கும் முன்னால் அவளுக்குத் தெரிந்தாக வேண்டும்.

நான் மேலணை நாட்டின் தூதர். பெயர் ஆனந்தவல்லி. எங்கள் நாடு மலையில் இருக்கிறது. ஆறும் எங்களுடையது, அணையும் எங்களுடையது. நான் குடியிருந்தது கீழே இருக்கும் கடைமடை நாட்டின் தலைநகரில். நாங்கள் மதகைத் திறந்தால் வெள்ளம் அவர்களுக்கு. முன்பெல்லாம் அணையில் எவ்வளவு தண்ணீர் என்பதைச் செயற்கைக்கோள் சொல்லும், நீரளவிகள் சொல்லும். பொய்யுருக்கள் வந்தபிறகு அந்தக் காலம் மலையேறிவிட்டது. எந்தப் படத்தையும், எந்தக் குரலையும், எந்த எண்ணையும் யார் வேண்டுமானாலும் நிஜம் போலவே செய்துவிடலாம் என்று ஆனபின், ஒரு நாட்டின் அளவியை இன்னொரு நாடு ஏன் நம்பப்போகிறது?

நம்புவதற்கு மிஞ்சியது உயிருள்ள உடம்பு ஒன்றுதான். ஆகவே மேலணைத் தூதர் கடைமடைத் தலைநகரிலேயே மிகப் பள்ளமான வீட்டில், ஆற்றுக் கரையின் அடியில் குடியிருக்க வேண்டும் என்று ஒப்பந்தம் போட்டார்கள். மதகு திறந்தால் முதல் தண்ணீர் தூதர் வீட்டு அடுப்பங்கரைக்குத்தான் வரும். சொந்தத் தூதரை மூழ்கடிக்க எந்த அரசுக்கும் மனம் வராது என்பது கணக்கு. பிணைக்கைதி என்று சொல்ல இரண்டு நாட்டுக்கும் கூச்சம். அதனால் மேன்மைதங்கிய தூதர் என்பார்கள்.

வீட்டுக் கூடத்தில் எனக்கு முன்னால் இருந்தவர்களின் படங்கள் மாட்டியிருந்தன. முதலில் இருதயநாதன். அவர் காலத்தில் அணையின் ஒரு கதவு தானாகவே பெயர்ந்து விழ, மனிதர் வீட்டைவிட்டு நகராமல் மூழ்கிப்போனார். இரண்டு நாட்டிலும் அவருக்குச் சிலை உண்டு. மூன்றாவது ஹமீதா பானு. முற்றத்தில் அவரைக்கொடிக்குப் பந்தல் போட்டு, இந்த ஊர்ப் பேச்சைப் பேசப் பழகி, எங்கள் அரசு திருப்பி அழைக்க மறந்துபோய், இங்கேயே கிழவியானவர். அவருக்குப் பின்னால் வந்தவர்களை யாருக்கும் ஞாபகமில்லை. வந்தார்கள், மாடியில் நின்றார்கள், போனார்கள். நல்ல தூதர் என்றால் அப்படித்தான்.

இரண்டாவது தணிகாசலம். அவருக்குப் படமில்லை, வேண்டுமென்றே வெறும் சட்டத்தை மாட்டியிருந்தார்கள். தண்ணீர் வருகிறது என்று மலையிலிருந்து யாரோ காதில் போட, மனிதர் ஒற்றைச் செருப்போடு பட்டப்பகலில் தெருவில் ஓடி, காய்கறி லாரியில் தொற்றிக்கொண்டு தப்பித்தார். விளையாட்டில் பின்வாங்கும் பிள்ளையை "போடா தணிகாசலம்" என்று இரண்டு நாட்டிலும் கேலி செய்வார்கள். தூதர் பயிற்சிக் கல்லூரியில் நானும் வயிறு வலிக்கச் சிரித்திருக்கிறேன்.

இந்த ஐப்பசியில் மழை விடவே இல்லை. ஒரு காலை, முகங்காட்டிவிட்டு உள்ளே வந்ததும் உருப்பேசியில் எங்கள் நீர்வளச் செயலர் குலசேகரன் வந்தார். உருவத்தை எவனும் செய்யலாம் என்பதால் எங்களுக்குள் ஒரு அடையாளக் கேள்வி உண்டு. அதைக் கேட்டு, அவர்தான் என்று உறுதி செய்துகொண்டேன்.

"அணை தாங்காதும்மா. நாளைக்கு மதகைத் திறக்கிறோம். கொஞ்சம்தான்."

"அப்ப முதல்ல அறிவிச்சிடுங்க."

"அறிவிச்சா அவங்க படை அணை மேலேயே குண்டு போடும். மழைக்காலத்துல மதகைத் தொட்டா போர்னு போன வருஷமே சொல்லிட்டாங்கல்ல? அணை உடைஞ்சா அப்புறம் யாரு மிஞ்சுவா? கொஞ்சமாத் திறந்தா உங்க வாசப்படி நனையும், அவ்வளவுதான். நீங்க எப்பவும் போல மாடியில நில்லுங்க. நீங்க பதறினா ஊரே பதறும். நெரிசல்லயே நூறு பேர் போயிடுவாங்க."

"இது உத்தரவா?"

"அப்படியே வச்சுக்குங்க." பிறகு குரலைத் தணித்துச் சொன்னார்: "இருதயநாதன் பக்கத்துல வரவேண்டியவங்க நீங்க."

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்த வார்த்தை எனக்கு இனித்தது.

அன்று மத்தியானமே என் மகள் பூவிழியைத் தானோட்டி வண்டியில் ஏற்றி, கண்ணாடிகளை மூடி, வான்மலையில் இருக்கும் தோழி வீட்டுக்கு அனுப்பினேன். அவள் வயது பிள்ளைக்கு ஒப்பந்தம் எதையும் விதிக்கவில்லை, அது சட்டப்படி தப்பில்லை. வாசப்படிதான் நனையும் என்று நம்பியவள் எதற்காகப் பிள்ளையை அனுப்பினாள்? இதை யாரும் என்னிடம் கேட்கவில்லை. நானேதான் கேட்டுக்கொள்கிறேன். என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

வண்டி போனபின் கூடத்தில் அந்த வெறும் சட்டத்தின் முன்னால் நின்றேன். தணிகாசலத்தின் கதையில் யாரும் சொல்லிச் சிரிக்காத பாதி ஒன்று உண்டு, வரலாறு படித்த எனக்கு அது தெரியும். அவர் ஓடியதைத் தெரு பார்த்தது. தெரு ஓடியதை ஊர் பார்த்தது. எல்லாரும் மேட்டுக்கு ஓடினார்கள். பின்னாலேயே தண்ணீர் வந்து கூரைகளை வாரிக்கொண்டு போனது. ஆனால் அந்த வெள்ளத்தில் ஒரு உயிர்கூடப் போகவில்லை. உயிர் பிழைத்தவர்கள்தான் பிறகு உட்கார்ந்து அவரைக் கேலி செய்தார்கள். யோசித்துப் பார்த்தால், தூதரை அந்தப் பள்ளத்தில் குடிவைத்ததே அதற்காகத்தான். ஆபத்து என்றால் முதலில் தூதர் ஓடுவார், அதைப் பார்த்து ஊர் பிழைத்துக்கொள்ளும். அதற்கு வீரம் வேண்டாம், இரண்டு கால் இருந்தால் போதும்.

நானும் ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு தெருவில் நடந்திருக்கலாம். யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லத் தேவையில்லை. நினைத்தேன். அந்த வெறும் சட்டத்துக்குப் பக்கத்தில் இன்னொரு வெறும் சட்டம் தொங்குவதையும் சேர்த்து நினைத்தேன். பூவிழியைப் பள்ளியில் என்ன சொல்லிக் கூப்பிடுவார்கள் என்று நினைத்தேன். பெட்டியை எடுக்கவில்லை.

மறுநாள் காலை தூறிக்கொண்டிருந்தது. மாடியில் நின்றேன். சிரிக்கவும் செய்தேன். தெருவில் அன்று வழக்கத்தைவிட அதிகம் பேர் அண்ணாந்து பார்த்தார்கள். செங்கமலம் கடைவாசலில் கையைப் பிசைந்துகொண்டு நின்றாள்.

"மழை ஒரு மாதிரியா இருக்கேம்மா. இவரை மேட்டுத் தெருவுல அக்கா வீட்டுல கொண்டுபோய் விட்டுடலாமான்னு பாக்குறேன். ஆளைக் கூப்பிடணும். நீங்க இருக்கீங்கல்ல?"

"இருக்கேன்."

"எங்கேயும் போகலையே?"

"போகலை செங்கமலம்."

"அப்ப சரி. எதுக்கு அவரைப் போட்டு அலைக்கழிச்சுக்கிட்டு." அவள் உள்ளே போய் இட்லிப் பானையை ஏற்றினாள். நான் சொன்னதில் ஒரு பொய்கூட இல்லை. அதுதான் நெஞ்சை அறுக்கிறது.

உச்சிவேளைக்கு முன்பே தண்ணீர் வந்தது. வாசப்படியோடு நிற்கவில்லை. ஆற்றுக் கரையே பெயர்ந்து தெருவுக்குள் வந்தது. மொட்டைமாடித் தொட்டியின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டேன். ஆலைப் பையன்கள் ஒரு படகைத் தள்ளிக்கொண்டு முதலில் என் வீட்டுக்குத்தான் வந்தார்கள். "தூதரம்மாவை முதல்ல ஏத்துங்கடா. ஓடாம நின்னவங்க" என்றான் ஒருவன். இட்லிக் கடைக்குப் போங்கள் என்றேன். ஒரு தடவைதான் சொன்னேன். சொல்லும்போதே கை படகின் கயிற்றைப் பிடித்துவிட்டது.

மேட்டுத் தெருப் பள்ளிக்கூடத்தை முகாமாக்கியிருந்தார்கள். மலையில் எங்களுடைய ஆட்கள், அணைக் கதவு தானாக உடைந்துவிட்டது என்று அறிவித்திருந்தார்கள். அந்த அறிவிப்பை யாரும் நம்பவில்லை, என்னைத்தான் நம்பினார்கள். மதகு திறப்பது முன்பே தெரிந்திருந்தால் அவள் நின்றிருப்பாளா என்று எனக்காக வாதாடினார்கள். பெண்கள் என் கையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். இருதயநாதன் படத்துக்குப் பக்கத்தில் என் படத்தை வைக்கவேண்டும் என்று ஆலைச் சங்கத் தலைவர் நாலு பேருக்கு நடுவில் சொல்லிக்கொண்டிருந்தார்.

மறுநாள் சாயங்காலம் செங்கமலம் என்னைத் தேடிக்கொண்டு வந்தாள். ஈரப் புடவையை மாற்றக்கூட இல்லை. எனக்காக எங்கேயோ ஒரு டம்ளர் டீ வாங்கி வந்திருந்தாள்.

"கட்டிலோட கொஞ்ச நேரம் மிதந்தாரும்மா. புடிச்சுக்கிட்டுதான் இருந்தேன். படகு வர்றதுக்குள்ள கை நழுவிருச்சு." பக்கத்தில் உட்கார்ந்தாள். "விதி. நீங்க என்ன பண்ணுவீங்க? நீங்களும் எங்களோட சேர்ந்துதானே நின்னீங்க."

டீயைக் கீழே வைத்தேன். அவள் சுற்றுமுற்றும் பார்த்தாள்.

"பாப்பா எங்கம்மா? படகுல உங்ககூட பாப்பா வரலையே."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவள் முகம் வெளுத்தது. "ஐயோ, பாப்பாவுமாம்மா" என்று என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, தன் கணவருக்காக அழாத அழுகையை என் மகளுக்காக அழுதாள். நான் சும்மா இருந்திருந்தால் அவள் அழுது முடித்துவிட்டுப் போயிருப்பாள். இரண்டொரு நாளில் ஏதாவது ஒரு கதையை நானும் கட்டியிருப்பேன். என்னால் அதற்குமேல் தாங்க முடியவில்லை.

"அழாதே செங்கமலம். அவ நல்லா இருக்கா. வான்மலையில இருக்கா."

"மாரியாத்தா காப்பாத்துனா." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அங்க எப்பம்மா போச்சு?"

"முந்தாநாள் மத்தியானம்."

முதலில் தலையை ஆட்டினாள். பிறகு ஆட்டுவதை நிறுத்தினாள். முந்தாநாளிலிருந்து நேற்றுக் காலைக்கு, மாடியில் நின்று நான் சிரித்ததற்கு, அவள் மெல்ல மெல்ல வந்து சேருவதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். என் கைகளை விட்டாள். அடிப்பாள் என்று நினைத்தேன். ஊரைக் கூட்டுவாள் என்று நினைத்தேன். அவள் இரண்டையும் செய்யவில்லை. என்னிடம் ஏதோ உதவி கேட்பவளின் குரலில் பேசினாள்.

"நீங்க ஓடியிருக்கலாமேம்மா."